மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே டெஸ்க்டாப் செயலி: எந்த மொழி என்று முடிவானது எப்படி (ஒரு நிகழ்வு ஆய்வு)

## பின்னணி

நான்கு பேர் கொண்ட சிறிய குழு. மூன்று பேர் கோட் எழுதுகிறவர்கள், நான் சோதனையும் ரிலீஸும் பார்ப்பவன். எங்கள் செயலி ஆய்வகங்களில் ஓடுவது: எடை, நீளம் போன்றவற்றை அளக்கும் கருவிகளிலிருந்து சீரியல் போர்ட் (கருவியைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை இணைப்பு) வழியாக அளவீடுகளை வாங்கி, அட்டவணையில் காட்டி, புள்ளியியல் கணக்குப் போட்டு, கடைசியில் அறிக்கையாகவும் லேபிளாகவும் அச்சிட்டுத் தரும். கவர்ச்சியான சாஃப்ட்வேர் ஒன்றும் கிடையாது, ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக நிற்காமல் ஓடுகிறது.

அது எழுதப்பட்டது சி ஷார்ப் மொழியில், மைக்ரோசாஃப்டின் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் மேல், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற திரை லைப்ரரியோடு (பொத்தான், அட்டவணை போன்றவற்றைத் தயாராகத் தரும் கோட் தொகுப்பு). புள்ளியியல் பகுதி மட்டும் பிற்காலத்தில் பைத்தானில் மாற்றி எழுதப்பட்டு, முதன்மைச் செயலி அதைத் தனி ப்ராசஸாக (தனியே ஓடும் நிரலாக) அழைக்கும்படி ஒட்டவைக்கப்பட்டிருந்தது. ஒட்டவைத்தது என்றாலும் அந்தப் பைத்தான் கோடைத்தான் வாடிக்கையாளர்கள் தங்கள் தரச் சரிபார்ப்பில் வரிக்கு வரி பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். இது பின்னால் முக்கியமாகிறது.

சிக்கல் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சில ஆய்வகங்களில் புதிதாக வந்தவர்கள் மேக் வைத்திருந்தார்கள். இன்னொரு பெரிய வாடிக்கையாளர் தன் மேசைக் கணினிகளை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 வரிசையோடு நின்றுவிட்டது, இனி பராமரிப்புத் திருத்தங்கள் மட்டும்தான். புதிய டாட்நெட் மூன்று இயங்குதளத்திலும் ஓடும், ஆனால் அதிலும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆக, திரைகளை எப்படியும் திரும்ப எழுதியாக வேண்டும். எப்படியும் எழுதப்போகிறோம் என்றதும், எந்த மொழியில் என்ற கேள்வி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

## முதல் கூட்டமும் அதில் நடந்ததும்

எதிர்பார்த்தபடியேதான். மூத்தவர் சி ஷார்ப்பை விட மனமில்லாமல், அதிலேயே மூன்று தளத்துக்கும் திரை எழுதும் அவலோனியா என்றார். புள்ளியியல் பகுதியை எழுதியவர் பைத்தான் என்றார். வெப் பின்னணியிலிருந்து வந்த இளைஞர், வெப் பக்கத்தையே டெஸ்க்டாப் செயலியாக்கும் எலக்ட்ரான் என்றார், பத்து நிமிடத்தில் அதையும் விட்டுவிட்டு, ரஸ்ட் மொழியோடு அதே வேலையைச் செய்யும் டவ்ரி என்றார். ஒவ்வொருவரும் தனக்குக் கைவந்த மொழியைத்தான் சொன்னார்கள் என்பதில் தப்பில்லை, ஆனால் அதற்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் பொதுவானவை: வேகம், பாதுகாப்பு, லைப்ரரிகள் அதிகம், எதிர்காலம் உள்ளது, ஆள் கிடைப்பார்கள். இந்த அளவுகோல்களில் எந்த மொழியையும் ஜெயிக்கவைக்கலாம். எங்கள் செயலியின் பெயரைக் கூடச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் மூத்தவர்தான் ஒரு நல்ல வேலை செய்தார். “இப்போதைக்கு மொழியைப் பற்றிப் பேச வேண்டாம், வாடிக்கையாளர் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசலாம்” என்றார். மறுப்பதற்கு யாருக்கும் தெம்பு இல்லை.

## ஆய்வகத்தில் கண்டது

பழைய செயலியை நாங்களே வருடக்கணக்காகப் பராமரித்தும், அதை நாள் முழுக்க ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்தபோது குறித்துக்கொண்டவை இவை.

மவுஸை யாரும் தொடுவதே இல்லை. கையுறை போட்ட கையோடு என்டர் விசையும் அம்பு விசைகளும் மட்டும். என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், வரிசை முடிந்தால் அடுத்த வரிசையின் முதல் கட்டத்துக்கு, அங்கே பூட்டிய கட்டம் இருந்தால் அதைத் தாண்டி. அவர்கள் திரையைப் பார்க்காமல் கருவியைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார்கள், அதனால் இது ஒரு முறை பிசகினாலும் தப்பான கட்டத்தில் அளவு ஏறிவிடும்.

அட்டவணை பெரியது. ஒரு வருடத் தரவைத் திறந்தால் 2 லட்சம் வரிசை வரை போகும், அதன் கடைசியில் புதிய அளவீடுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

கணினிகள் பழையவை. பாதிக்கு மேல் 4 ஜிபி நினைவகம், அதில் எங்கள் செயலியோடு கருவி நிறுவனத்தின் சொந்த சாஃப்ட்வேரும் திறந்தே கிடக்கும். பல கணினிகளில் இணையமே கிடையாது, பாதுகாப்பு விதிப்படி இருக்கவும் கூடாது. புதுப்பிப்பு என்றால் பென்டிரைவில்தான்.

கடைசியாக அச்சு. திரையில் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, லேபிள் ஒட்டும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகாமல் வருகிறதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

திரும்பி வந்து இதை எழுதி மேசையில் வைத்தபோது, முதல் கூட்டத்தில் பேசிய காரணங்களில் பெரும்பாலானவை இந்தத் தாளில் எங்கேயும் பொருந்தவில்லை. மொழியின் வேகம்? கருவி வினாடிக்குப் பத்து அளவு அனுப்புகிறது, எந்த மொழிக்கும் அது ஒரு பொருட்டில்லை. கேள்வி இப்போது வேறாக மாறியிருந்தது: இந்த அட்டவணையையும் இந்த என்டர் விசையையும் இந்த அச்சையும் மூன்று இயங்குதளத்திலும் ஒழுங்காகச் செய்யும் திரை லைப்ரரி எது, அது எந்த மொழிகளில் கிடைக்கிறது, அந்த மொழிகளில் நம்மால் பத்து வருடம் பராமரிக்க முடிவது எது? மொழி இந்த வரிசையில் மூன்றாவதாகத்தான் வருகிறது.

## சோதனை இல்லாமலே கழன்றவை

டாட்நெட் மௌயி (மைக்ரோசாஃப்டின் பல தளத் திரை லைப்ரரி): அதிகாரபூர்வமாக லினக்ஸ் ஆதரவு இல்லை, முடிந்தது.

ஃப்ளட்டர் (கூகுளின் திரை லைப்ரரி, டார்ட் மொழியில் எழுத வேண்டும்): 2022இல் மூன்று டெஸ்க்டாப் தளத்துக்கும் நிலையான ஆதரவு வந்துவிட்டது, திரைகள் அழகாக வரும். ஆனால் சீரியல் போர்ட்டுக்கும் அச்சுக்கும் வெளியார் எழுதிய பேக்கேஜ்களை நம்ப வேண்டும், டார்ட் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஜாவா: தொழில்நுட்பமாகக் குறை சொல்ல முடியாது. அதன் திரை லைப்ரரியான ஜாவாஎஃப்எக்ஸ் 2018இல் ஜாவா 11 வந்தபோது ஜேடிகே என்ற அடிப்படைத் தொகுப்பிலிருந்து பிரிக்கப்பட்டாலும் தனியாக நன்றாகவே வளர்கிறது, ஜேபேக்கேஜ் என்ற கருவி இன்ஸ்டாலரும் செய்து தருகிறது. குழுவில் ஜாவா ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் விட்டோம்.

சி++: பல தளங்களில் ஓடும் கியூடி என்ற திரை லைப்ரரியை அதன் சொந்த மொழியிலேயே பயன்படுத்துவது. வேகத்துக்கு வேகம், எல்லாம் சரி. எழுதத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் நினைவக மேலாண்மைப் பிழைகளை அழைத்து வர வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.

லாசரஸ் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூத்தவர் இளமையில் பாஸ்கல் மொழி வகையான டெல்ஃபியில் எழுதியவர், அவர்தான் பாதி விளையாட்டாக அதன் இலவச மாற்றான ஃப்ரீ பாஸ்கலும் லாசரஸும் என்று சொன்னார். யோசித்துப் பார்த்தால் எங்கள் தாளில் இருந்த அத்தனைக்கும் அது பொருந்தியது: சிறிய எக்ஸிகியூட்டபிள், கூடவே தனி ரன்டைம் (ஓடுவதற்கு நிறுவ வேண்டிய துணை மென்பொருள்) எதுவும் வேண்டாம், கண் சிமிட்டுவதற்குள் திறக்கும், அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே பயன்படுத்தும். தொழில்நுட்ப ரீதியில் தள்ளுவதற்குக் காரணமே இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மூத்தவர் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்று அவரே கேட்டு அவரே கைவிட்டார்.

## சோதனைக்கு எடுத்தவை

மிச்சம் நான்கு: எலக்ட்ரான், டவ்ரி, அவலோனியா, பைத்தானில் கியூடி. விதி ஒன்றுதான். முழுச் செயலியின் மாதிரி வேண்டாம், இருப்பதிலேயே கடினமான அந்த அளவீட்டுத் திரையை மட்டும் கட்ட வேண்டும். 2 லட்சம் வரிசை, வினாடிக்குப் பத்து புது அளவு, என்டர் விசை நடத்தை, ஒரு லேபிள் அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், அதற்கு வாதாடியவரே கட்டலாம். எளிய உள்நுழைவுத் திரையைக் கட்டிக் காட்டினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், அதனால் எதுவும் தெரிய வராது.

எலக்ட்ரான் முதல் நாளே திரையைக் காட்டிவிட்டது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், வேறெதுவும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. 2 லட்சம் வரிசையை அப்படியே பக்கத்தில் கொட்டினால் திரை உறைந்துவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் உருவாக்கும் அட்டவணை லைப்ரரி போட்டார், அப்புறம் சீராக ஓடியது. சீரியல் போர்ட்டும் சிரமமில்லை. தடுத்தது இரண்டு விஷயம். எலக்ட்ரான் தன்னோடு குரோமியம் என்ற ஒரு முழு உலாவியையும் நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியையும் சேர்த்துக்கொண்டுதான் வரும், அதனால் 4 ஜிபி கணினியில் கருவி சாஃப்ட்வேரோடு சேர்த்துத் திறந்தபோது கணினி திணறியது. இரண்டாவது, புதுப் பெரிய பதிப்பு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்கு மட்டும்தான் ஆதரவு. அதாவது ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய ஆறு மாத ஆயுள். இணையத்தோடு இணைந்த செயலிக்கு இது நல்ல விஷயம். பென்டிரைவில் வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஆய்வகத்துக்கு, எப்போதும் காலாவதியான உலாவி ஒன்றைக் கொடுத்து வைத்திருப்போம் என்றுதான் அர்த்தம்.

டவ்ரி அந்த நினைவகக் குறையைச் சரிசெய்யும் என்றுதான் இளைஞர் அதற்குப் போனார். அது உலாவியைச் சுமந்து வராமல் இயங்குதளத்தில் ஏற்கனவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும்: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கிலும் லினக்ஸிலும் வெப்கிட் வகை. இன்ஸ்டாலர் சில எம்பிதான். ஆனால் இயங்குதளத்தில் அது இல்லாவிட்டால்? விண்டோஸ் 11இல் வெப்வியூ2 கூடவே வருகிறது, விண்டோஸ் 10 கணினிகளுக்கு அது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. இணையமே பார்க்காத ஆய்வகக் கணினியில் அது இல்லை. நாமே சேர்த்துக் கொடுக்கலாம், கொடுத்தால் சிறிய இன்ஸ்டாலர் என்ற லாபம் போய்விடும். போதாததற்கு லினக்ஸ் வெப்கிட்டில் அதே அட்டவணை வேறு மாதிரி உருண்டது, அதைச் சரிசெய்தால் விண்டோஸில் வேறொன்று. ஒரே செயலியை இரண்டு உலாவிகளுக்குச் சோதிக்கும் வேலை என் தலையில் விழும் என்பதால் இங்கே எனக்கும் ஒரு பக்கச் சார்பு இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

அவலோனியா எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. திரையை அதுவே ஸ்கியா என்ற வரைகலை லைப்ரரி கொண்டு வரைந்துகொள்வதால் மூன்று தளத்திலும் ஒரே மாதிரி இருந்தது, அட்டவணை நன்றாக ஓடியது, நினைவகமும் அடக்கம், பழைய சி ஷார்ப் தர்க்கத்தில் பெரும்பகுதி அப்படியே வந்தது. அச்சில் விழுந்தது. அவலோனியாவில் சொந்தமாக அச்சு வசதி கிடையாது. பழைய செயலியின் அச்சுக் கோட் முழுவதும் சிஸ்டம் ட்ராயிங் என்ற லைப்ரரியின் மேல் எழுதப்பட்டது, அது டாட்நெட் 6 முதல் விண்டோஸுக்கு மட்டும்தான். பிடிஎஃப் செய்து அதை இயங்குதளத்தின் அச்சு வரிசைக்கு அனுப்பலாம் என்று மூத்தவர் ஒரு வழி காட்டினார், ஆனால் லேபிள் பிரிண்டரின் தாள் அளவை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகக் கையாள வேண்டியிருந்தது.

பைத்தானில் கியூடி, அதாவது பைசைட் 6, தொடக்கத்தில் மிக மெதுவாக நகர்ந்தது. கியூடியின் அட்டவணை முறையைப் புரிந்துகொள்ளவே பாதி வாரம் போனது. அதில் அட்டவணைக்குள் தரவைப் போட மாட்டோம், திரையில் தெரியும் கட்டங்களுக்கு மட்டும் “இந்தக் கட்டத்தில் என்ன” என்று அட்டவணை நம்மிடம் கேட்கும், நாம் பதில் சொல்வோம். புரிந்த பிறகு 2 லட்சம் என்ன, 20 லட்சமும் அதே சீராக உருண்டது. சீரியல் போர்ட் உள்ளேயே இருக்கிறது, அச்சும் உள்ளேயே இருக்கிறது, தாள் அளவை மில்லிமீட்டரில் சொல்லலாம். என்டர் விசை நடத்தையை ஒரே இடத்தில் எழுதினால் போதுமானதாக இருந்தது.

## எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

பைத்தானும் பைசைட் 6ம். அவலோனியாவுக்கும் இதற்கும் நடுவில்தான் உண்மையான போட்டி, இரண்டு விஷயங்கள் தராசைச் சாய்த்தன. ஒன்று அச்சு. மற்றொன்று, வாடிக்கையாளர்கள் சரிபார்த்து ஒப்புக்கொண்ட புள்ளியியல் கோட் ஏற்கனவே பைத்தானில் இருந்தது. அதை சி ஷார்ப்புக்கு மாற்றினால் அத்தனை சரிபார்ப்பையும் மறுபடி செய்ய வேண்டும், மாற்றாமல் விட்டால் பழைய ஒட்டுவேலை தொடரும்.

உரிமம் பற்றி அப்போதே பார்த்துக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று. பைத்தானுக்கு கியூடி இரண்டு வழியாகக் கிடைக்கிறது. பைகியூடி, ஜிபிஎல் (செயலியின் கோடையும் திறந்து தரச் சொல்லும் உரிமம்) அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமத்தில், பைசைட் கியூடி நிறுவனத்தாரே தருவது, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கும். மூடிய செயலிக்கு இரண்டாவது ஒத்துவரும், ஆனால் நிபந்தனைகள் உண்டு: உரிம வாசகத்தைச் சேர்த்துத் தர வேண்டும், பயனர் விரும்பினால் கியூடி லைப்ரரி கோப்புகளை மாற்றிப்போட வழி இருக்க வேண்டும். அதோடு கியூடியின் எல்லாப் பகுதியும் எல்ஜிபிஎல்லில் இல்லை. வரைபடங்களுக்கான கியூடி சார்ட்ஸ் திறந்த உரிமத்தில் ஜிபிஎல்லாக மட்டும்தான் கிடைக்கிறது. வரைபடத் திரையை அதில் ஆரம்பித்திருந்தார்கள், உடனே நிறுத்தி, கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமம் கொண்ட பைகியூடிகிராஃபுக்கு மாற்றினார்கள்.

மூத்தவர் உடன்படவில்லை. எதிர்ப்பை எழுத்தில் தந்தார், அதை முடிவு ஆவணத்தோடு சேர்த்து வைத்தோம்: டைப் சரிபார்ப்பு (எண்ணா எழுத்தா என்று ஓடும் முன்பே பார்ப்பது) இல்லாத மொழியில் பத்து வருடச் செயலியைப் பராமரிப்பது ஆபத்து, தொடக்க நேரம் மோசமாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் பைத்தானைக் கூப்பிடும் அட்டவணை ஒரு நாள் நம்மைக் கடிக்கும். முதலாவதற்குப் பதிலாக எல்லா கோடிலும் டைப் குறிப்புகள் கட்டாயம், அவற்றைச் சரிபார்க்கும் மைபை கருவி ஓடாமல் எதுவும் உள்ளே சேராது என்று விதி போட்டோம். மற்ற இரண்டுக்கும் அப்போது பதில் இல்லை.

## கட்டும்போது

த்ரெட்தான் (செயலிக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்) முதல் அடி. சீரியல் போர்ட்டைத் தனி த்ரெட்டில் படித்து, அங்கிருந்தே திரையில் இருந்த ஒரு எழுத்துக்கட்டத்தை மாற்றியிருந்தார்கள். விண்டோஸில் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது, மேக்கில் திறந்த உடனே செயலி மறைந்துவிடும், பிழைச் செய்தியே வராது. திரையைத் தொடுவது முதன்மை த்ரெட் மட்டும்தான் என்பது கியூடியின் விதி, விண்டோஸ் பொறுத்துக்கொண்டது, மேக் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். கியூடியின் சிக்னல் என்ற செய்தி முறை வழியாக அனுப்பி, அதையும் பத்தில் ஒரு வினாடிக்கு ஒரு தடவை தொகுத்து அனுப்பியதும் அடங்கியது.

அடுத்தது பைத்தானும் சி++உம் ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது. ஜன்னலை மூடியதும் சி++ பக்கம் அந்தப் பொருளை அழித்துவிடும், பைத்தான் பக்கம் அது இன்னும் இருப்பதாக நினைத்துத் தொடும், உள்பொருள் ஏற்கனவே நீக்கப்பட்டுவிட்டது என்ற பிழை வரும். பைத்தான் மட்டும் தெரிந்தவருக்கு இது புரியவே புரியாது. பெற்றோர் பொருள் கொடுக்காமல் எந்த விட்ஜெட்டும் (திரை உறுப்பும்) உருவாக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தபின் குறைந்தது.

சின்னச் சின்ன தள வேறுபாடுகள் நிறைய. சின்னத்தின் படக்கோப்புப் பெயரில் ஒரு பெரிய எழுத்து, விண்டோஸும் மேக்கும் கண்டுகொள்ளவில்லை, லினக்ஸில் படம் வரவில்லை. சீரியல் போர்ட்டைப் பெயரால் சேமித்து வைத்தால் அடுத்த நாள் வேறு யூஎஸ்பி துளையில் செருகும்போது பெயர் மாறிவிடும், அதனால் அடாப்டரின் வரிசை எண்ணால் தேடும்படி மாற்ற வேண்டியிருந்தது. மேக்கில் ஒரே போர்ட் டிடிஒய் என்றும் சியூ என்றும் இரண்டு பெயரில் தெரியும், முதலாவதைத் திறந்தால் மறுமுனையின் சமிக்ஞைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். லினக்ஸின் பல விநியோகங்களில் (லினக்ஸ் வகைகளில்) பயனர் டயல்அவுட் என்ற குழுவில் இல்லாவிட்டால் போர்ட்டைத் திறக்கவே முடியாது. சில நாட்டுப் பயனர்கள் தசமத்துக்குக் கமா அடிப்பார்கள், கருவியோ புள்ளிதான் அனுப்பும்.

விசைப்பலகை விஷயத்தில் கியூடி ஒரு உதவி செய்தது, கன்ட்ரோல் என்று எழுதிய குறுக்குவிசைகள் மேக்கில் தானாக கமாண்ட் ஆகிவிடும். ஆனால் மேக்கின் இயல்பு அமைப்பில் டேப் விசை எழுத்துக்கட்டங்களுக்கும் பட்டியல்களுக்கும் மட்டும்தான் போகும், பொத்தான்களைத் தாண்டிவிடும். கியூடியும் அந்த அமைப்பை மதிக்கும். மவுஸைத் தொடாத பயனருக்கு அச்சிடு பொத்தான் எட்டவே இல்லை.

## ரிலீஸில் ஏறிய செலவு

திட்டத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மொழி ஒப்பீடு என்று எழுதப்படும் எதிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. உண்மையில் திரைகளை எழுதியதற்கு அடுத்தபடியாக அதிக நேரத்தைத் தின்றது இதுதான்.

பைத்தான் கோடை நிறுவக்கூடிய செயலியாக்கும் பைஇன்ஸ்டாலர் எந்தத் தளத்தில் ஓடுகிறதோ அந்தத் தளத்துக்கு மட்டும்தான் செய்து தரும். ஆக மூன்று கணினி. ஒரே கோப்பாகச் செய்யும் முறை பார்க்க வசதி, ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டுத்தான் தொடங்கும். பழைய கணினியில் அதற்கே பல வினாடி ஆனது, சில ஆன்டிவைரஸ்கள் வேறு அதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டன. ஃபோல்டர் முறைக்கு மாறியதும் இரண்டும் குறைந்தன, எல்ஜிபிஎல் நிபந்தனைக்கும் அதுதான் வசதி.

லினக்ஸில், புதிய விநியோகத்தில் கட்டியது பழைய விநியோகத்தில் ஓடாது, ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் பதிப்பு ஒத்துப்போகாது. ஆதரிக்கப்போகும் விநியோகங்களில் மிகப் பழையது எதுவோ அதில்தான் கட்ட வேண்டும். கியூடி 6.5 முதல் எக்ஸ்சிபி கர்சர் என்ற ஒரு சிறிய லைப்ரரி இல்லாவிட்டால் ஜன்னலே திறக்காது, பல கணினிகளில் அது இல்லை.

மேக்கில் செயலிக்கு டிஜிட்டல் கையொப்பமிட்டு, ஆப்பிளுக்கு அனுப்பி நோட்டரைசேஷன் (ஆப்பிளின் பாதுகாப்புச் சோதனைச் சான்று) வாங்கி, கிடைத்த சீட்டைச் செயலியோடு ஒட்டியும் தர வேண்டும். ஒட்டாமல் விட்டால் இணையமுள்ள கணினியில் சோதிக்கும்போது எதுவும் தெரியாது, இணையமில்லாத ஆய்வகத்தில் போய்த்தான் நிற்கும். இன்டெலுக்கும் ஆப்பிள் சிப்புக்கும் சேர்த்து ஒரே செயலி தரலாம் என்று பார்த்தால், பைசைட் இரண்டுக்கும் பொதுவாக வருகிறது, எண் கணக்கு லைப்ரரியான நம்பை தனித்தனியாக வருகிறது. இரண்டு இன்ஸ்டாலராகவே விட்டுவிட்டோம். விண்டோஸில் கோடுக்குக் கையொப்பமிடும் சான்றிதழின் ரகசியச் சாவி 2023 ஜூன் முதல் வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பதால், தானியங்கி பில்ட் சர்வரில் ஒரு கோப்பாகப் போட்டுவைக்கும் பழைய வழக்கமும் போனது.

வேறு மொழியை எடுத்திருந்தால் இதெல்லாம் இருந்திருக்காதா என்றால், கையொப்பமும் நோட்டரைசேஷனும் எல்லோருக்கும் பொது. பைஇன்ஸ்டாலர், ஜிலிப்சி தொல்லைகளில் கணிசமானவை அவலோனியாவில் குறைந்திருக்கும். சோதனை வாரத்தில் இன்ஸ்டாலரும் கட்டிப் பார்த்திருந்தால் போட்டி இன்னும் நெருக்கமாயிருக்கும்.

## விளைவு

மூன்று தளத்திலும் செயலி வெளியானது. லினக்ஸுக்கு மாறிய வாடிக்கையாளர் எங்களோடு தொடர்கிறார். அச்சில் ஒரு புகாரும் இல்லை, புள்ளியியல் பகுதிக்கு மறுசரிபார்ப்பும் தேவைப்படவில்லை, ஒட்டுவேலை போய் இப்போது அதே ப்ராசஸுக்குள் நேரடி அழைப்பு. நடுவில் வெப் இளைஞர் வேறு வேலைக்குப் போனார், அவர் எழுதிய பகுதியை மூத்தவர் எடுத்துக்கொண்டார். பைத்தான் பிடிக்காதவர் என்றாலும் டைப் குறிப்புகள் இருந்ததால் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது என்று அவரே சொன்னார்.

மூத்தவர் எழுத்தில் சொன்ன மற்ற இரண்டும் நடந்தன. தொடக்க நேரம் பழைய செயலியைவிட நன்றாகவே அதிகம், பயனர்களின் முதல் புகாரே அதுதான். தொடங்கும்போதே பாண்டாஸ் என்ற தரவு லைப்ரரியை இழுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, கணக்குப் பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி செய்ததில் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அட்டவணையும் கடித்தது. வரம்பு மீறிய அளவைச் சிவப்பாகக் காட்ட, நிறம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசையின் சராசரியைக் கணக்கிட்டுப் பதில் சொல்லும்படி யாரோ எழுதியிருந்தார்கள். ஒரே கட்டத்துக்கு எழுத்து, நிறம், எழுத்துரு, ஒழுங்கு என்று தனித்தனியாகக் கேட்கும் அமைப்பு அது, உருட்டினால் திக்கித் திக்கி நகர்ந்தது. நிறத்தை அளவு வந்து சேரும்போதே ஒரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டதும் சரியானது.

யாரும் முன்கூட்டி யோசிக்காதது ஒன்று. சில ஆய்வகக் கணினிகள் இன்னும் விண்டோஸ் 7. கருவியின் டிரைவர் அதற்கு மேல் கிடையாது என்பதால் அவை மாறவும் போவதில்லை. கியூடி 6க்கு விண்டோஸ் 10 வேண்டும், விண்டோஸ் 7ஐ ஆதரித்த கடைசி பைத்தான் 3.8. எலக்ட்ரானும் 22ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது, எனவே அங்கேயும் இதே கதைதான். அந்த இடங்களுக்காகப் பழைய சி ஷார்ப் செயலி இன்னும் உயிரோடு இருக்கிறது, இரண்டையும் பராமரிக்கிறோம்.

## மறுபடி செய்தால் மாற்றுவது

வாடிக்கையாளர்களின் இயங்குதளப் பதிப்புகளை எல்லாம் முதலில் பட்டியல் எடுப்போம். ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை அது.

கடினமான திரையைக் கட்டும் வாரத்தின் கடைசி நாளில், அதைக் கையொப்பமிட்ட இன்ஸ்டாலராக்கி, இணையமில்லாத ஒரு கணினியில் பென்டிரைவால் நிறுவிக் காட்டுவதையும் சோதனையில் சேர்ப்போம். நிறுவ முடியாதது போட்டியில் இல்லை. ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு வாதாடியவரே கட்டுவதையும் மாற்றலாம், அவர் தடுமாறிய இடங்கள் வெளியே வருவதில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் போதும்.

கணக்கு, கருவித் தொடர்பு, திரை மூன்றையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வைத்திருக்க வேண்டும். கணக்கு தனியாக இருந்தது, கருவித் தொடர்பில் கியூடியின் சீரியல் போர்ட் வகுப்பு எங்கும் பரவிக் கிடக்கிறது. நாளை திரை லைப்ரரியை மாற்ற நேர்ந்தால் அதுதான் முதலில் தடுக்கும்.

மொழித் தேர்வு மாறியிருக்குமா என்று கேட்டால், எங்கள் நிலைமையில் மாறியிருக்காது என்றுதான் மூன்று பேரில் இருவர் சொல்கிறார்கள். புள்ளியியல் கோட் பைத்தானில் இல்லாமலிருந்தால் அவலோனியாவை எடுத்து, அச்சுக்குத் தனியாக உழைத்திருப்போம். கணினிகள் புதியவையாகவும் இணையத்தோடும் இருந்தால் எலக்ட்ரானை மறுக்கப் பெரிய காரணம் இருந்திருக்காது. மூத்தவர் இன்னும் அவலோனியா பக்கம்தான். அவர் கட்டிய அந்த ஒரு வார மாதிரி எங்கள் கோட் களஞ்சியத்தில் அப்படியே இருக்கிறது, விண்டோஸ் 7 கணினிகள் போன பிறகு மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பதாக முடிவு ஆவணத்தின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.